நெடுந்தூரப் பயணத்துக்கு முன் வண்டியை எப்படித் தயார் செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாராவது ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் வண்டியிலேயே போகலாம் என்று திட்டம் போட்டால், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு எனக்கு ஒரு ஃபோன் வரும். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். நான் மெக்கானிக் இல்லை. பல வருடங்களாக நெடுந்தூரம் ஓட்டுகிறவன், சின்னச் சின்ன வேலைகளை நானே பார்த்துக்கொள்கிறவன். சொன்னதையே ஓரிடத்தில் எழுதி வைத்தால் அந்த ஃபோன் இரண்டு வாரம் முன்பே வரும் என்ற ஆசையில் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பெரும்பாலும் பெட்ரோல், டீசல் காரை மனதில் வைத்து எழுதியது. பைக்குக்கும் மின்சாரக் காருக்கும் கடைசிப் பக்கம் தனிக் கேள்வி உண்டு.

எத்தனை நாள் முன்னாடி வண்டியைப் பார்க்க ஆரம்பிக்கணும்?

மூன்று வாரம். குறைந்தது இரண்டு. வேலைக்கு அவ்வளவு நாள் பிடிக்காது. வேலை முடிந்த வண்டியை ஓட்டிப் பார்க்கத்தான் அந்த நாட்கள். கழற்றி மாட்டிய எந்த இடத்திலும் தவறு நேரலாம். சரியாக இறுக்காத ஆயில் ஃபில்டர், மாட்ட மறந்த கிளிப், பாதி சொருகிய ஒயர் எல்லாம் முதல் நூறு, இருநூறு கிலோமீட்டருக்குள் பெரும்பாலும் தலைகாட்டிவிடும். வீட்டுக்குப் பக்கத்தில் என்றால் அது ஒரு மணி நேர வேலை.

ஒருமுறை நான் முந்தைய நாள் மாலை சர்வீஸ் முடித்து வண்டியை எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் குடும்பத்தோடு கிளம்பினேன். 180 கிலோமீட்டர் தாண்டியதும் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. எஞ்சின் ஆயிலை வடிக்கும் போல்ட்டை முழுதாக இறுக்காமல் விட்டிருந்தார்கள். வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. உடனே நிறுத்தியதால் எஞ்சின் பிழைத்தது. ஒரு முழு நாள் போனது. அதற்குப் பிறகு சர்வீஸுக்கும் பயணத்துக்கும் நடுவே 200 கிலோமீட்டராவது ஓட்டாமல் நான் கிளம்பியதே இல்லை. முடிந்தால் அந்த ஓட்டத்தைப் பயணத்தில் ஏற்றப்போகும் அதே பாரத்தோடு, நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டுங்கள்.

போன மாசம்தானே சர்வீஸ் விட்டேன், அது போதாதா?

வழக்கமான சர்வீஸ் என்பது அட்டவணைப்படி நடப்பது. ஆயில், ஃபில்டர் மாற்றுவார்கள், பிரேக்கைப் பார்ப்பார்கள். டயருக்கு எத்தனை வயது, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, பேட்டரி இன்னும் எவ்வளவு தாங்கும், ஹோஸ் பைப்புகள் இறுகிப்போயினவா என்பதெல்லாம் பல நேரம் அதில் வராது. ஊருக்குள் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடும் வண்டியில் இந்தக் குறைகள் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டும்போதுதான் வெளியே வரும்.

அதனால் மெக்கானிக்கிடம் "செக் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர், மலை ஏற்றம் உண்டா, கடும் வெயிலா குளிரா என்று சொல்லுங்கள். அடுத்த சர்வீஸுக்கு இன்னும் 2,000 கிலோமீட்டர்தான் பாக்கி, பயணமே 3,000 என்றால், கிளம்பும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

எனக்கு வண்டி பத்தி ஒண்ணும் தெரியாது. நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கா?

நிறையவே இருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளக்கும் குச்சி) உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவே இருக்க வேண்டும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பா, பிரேக் ஆயில் டப்பா இரண்டிலும் வெளியிலேயே கோடு போட்டிருக்கும். எந்த அளவாவது வாரா வாரம் இறங்கிக்கொண்டே போனால், ஊற்றி நிரப்புவதோடு விடாமல் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அப்புறம் விளக்குகள். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் பாருங்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர், ரிவர்ஸ் விளக்கு எல்லாவற்றையும் ஒரு சுற்று. வைப்பர் துடைத்த பிறகும் கண்ணாடியில் கோடு விழுந்தால் ரப்பரை மாற்றுங்கள். இரவு மழையில் அந்தக் கோடும் எதிர் விளக்கும் சேர்ந்தால் சாலையே தெரியாது. காலையில் வண்டி நின்ற இடத்தில் தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்ல பழக்கம். ஏசி ஓடியதால் சொட்டும் தெளிந்த நீர் பரவாயில்லை. நிறமோ பிசுக்கோ இருந்தால் காட்டிவிடுங்கள்.

டயரில் எவ்வளவு காத்து வைக்கணும்? டயர்லேயே ஏதோ நம்பர் எழுதியிருக்கே?

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். உங்கள் வண்டிக்கு வேண்டிய அளவு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறம். அதில் பெரும்பாலும் இரண்டு அளவு கொடுத்திருப்பார்கள்: ஒன்றிரண்டு பேர் போக ஒன்று, ஆளும் சாமானும் நிறைந்திருந்தால் ஒன்று. நெடும் பயணத்துக்கு இரண்டாவதுதான். பின் டயருக்கு முன் டயரைவிடக் கூடுதலாகச் சொல்லியிருந்தால் அப்படியே வையுங்கள்.

டயர் ஆறியிருக்கும்போது அளப்பதுதான் கணக்கு. மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஓரிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. கைக்கு அடக்கமாக ஒரு அளவுக் கருவி வாங்கி வைத்துக்கொண்டால், தினமும் காலையில் கிளம்பும் முன் இரண்டு நிமிட வேலை.

தூரம் போனா டயர் சூடாகும், அதனால காத்தைக் கொஞ்சம் குறைச்சு வைக்கச் சொல்றாங்களே?

இதை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் அறிவுரைதான், ஆனால் தலைகீழானது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி விரிகிறது. அந்த மடங்கலில்தான் வெப்பம் பிறக்கிறது. பாரம், வேகம், வெயில் மூன்றும் சேரும்போது உள்ளே இருக்கும் அடுக்குகள் பிரிந்து டயர் வெடிக்கிறது.

நெடுஞ்சாலையில் ஓடும்போது அழுத்தம் 4 முதல் 6 பி.எஸ்.ஐ. வரை ஏறுவது இயல்பு. டயரை வடிவமைக்கும்போதே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். வழியில் நிறுத்தி அளந்து, "ஏறியிருக்கே" என்று காற்றை இறக்கிவிட்டால், ஆறிய பிறகு அது குறைந்த அழுத்தத்தில் நிற்கும். வெளி வெப்பநிலை 5, 6 டிகிரி செல்சியஸ் மாறினால் சுமார் 1 பி.எஸ்.ஐ. மாறும். எனவே மிகக் குளிரான இடத்துக்குப் போனால் மறுநாள் காலை அளந்து நிரப்ப வேண்டிவரும்.

பள்ளமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அப்பவும் டயரை மாத்தணுமா?

இரண்டையும் பார்க்க வேண்டும், தேய்மானமும் வயதும். பள்ளங்களுக்கு நடுவே குறுக்காகச் சின்ன மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த அளவுக்குத் தேய்ந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தாலே ஈரச் சாலையில் தண்ணீரை வெளியேற்றும் திறன் குறைந்துவிடுகிறது. மழைக்காலப் பயணம் என்றால் நான் 3-லேயே மாற்றிவிடுவேன். உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்காமல் புது டயர் போடாதீர்கள், அதுவும் அப்படியே தேயும்.

வயதுக்கு டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ரப்பர் ஓடாமல் நின்றாலும் முதுமை அடைகிறது. ஐந்து வருடம் ஆன பிறகு ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருடம் ஆனால் எப்படி இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது பல டயர் தயாரிப்பாளர்களின் அறிவுரை. பக்கவாட்டில் வெடிப்போ, முட்டை போல வீக்கமோ இருந்தால் வயது பார்க்காமல் மாற்றுங்கள்.

இப்போ ரெண்டு டயர்தான் வாங்க முடியும். முன்னாடி போடட்டுமா, பின்னாடியா?

பின்னால். முன் சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தாலும் பின்னால்தான். பலர் நம்ப மறுப்பார்கள். முன் டயர் ஈரத்தில் பிடி இழந்தால் வண்டி வளைவில் நேராகப் போகப் பார்க்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் குறைத்தால் பெரும்பாலும் பிடி திரும்பும். பின் டயர் பிடி இழந்தால் வண்டியின் வால் சுழன்றுவிடும், அதைச் சாதாரண ஓட்டுநர் மீட்பது மிகக் கடினம். எனவே நல்ல டயர் பின்னால் போகட்டும். ஓரளவு தேய்ந்தவை முன்னால். புது டயரின் மேற்பரப்பு வழுக்கலாக இருக்கும் என்பதால் முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன ஒத்திகை ஓட்டம் இதற்கும் சேர்த்துத்தான்.

நைட்ரஜன் அடிச்சாத்தான் நல்லதாமே?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். கெடுதல் இல்லை, சற்றே மெதுவாகக் கசியும். வழியில் குறைந்தால் சாதாரணக் காற்றையே நிரப்பலாம். நைட்ரஜன் கிடைக்கும் இடம் வரட்டும் என்று குறைந்த காற்றோடு ஓட்டுவதுதான் ஆபத்து.

ஸ்டெப்னி இருக்கு, ஜாக்கி இருக்கு. அது போதும்தானே?

இருக்கிறது என்பது எப்போது பார்த்தது? ஸ்டெப்னியில் காற்று வருடக்கணக்கில் யாரும் அளப்பதில்லை. அதற்கும் வயது உண்டு. மெல்லிய தற்காலிக ஸ்டெப்னி என்றால் பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, அழுத்தமும் வழக்கமான டயரைவிட அதிகம், பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. அதன் மேலேயே எழுதியிருக்கும். புதிய வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னியே இல்லை, பஞ்சர் மருந்தும் சின்ன கம்ப்ரஸரும்தான். அந்த மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு.

நான் எல்லாரிடமும் வற்புறுத்துவது ஒத்திகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள். மெஷினால் இறுக்கிய நட்டு வண்டியோடு வந்த குட்டை ஸ்பேனருக்கு அசையாது என்பது அன்றுதான் தெரியும். நீளமான வீல் ஸ்பேனர் வாங்கத் தோன்றும். திருட்டுத் தடுப்பு நட்டு இருந்தால் அதற்கென்று தனிச் சாவி உண்டு. அது எங்கே இருக்கிறது என்று அன்றே தேடுவீர்கள். சக்கரம் மாற்றிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

டயரில் ஆணி தெரிந்து காற்று மெதுவாக இறங்கினால், ஆணியைப் பிடுங்காதீர்கள். ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான். காற்று நிரப்பி, மெதுவாகப் பஞ்சர் பார்க்கும் இடம் வரை போய்விடலாம். பக்கவாட்டில் ஏற்பட்ட ஓட்டையை ஒட்ட முடியாது.

பேட்டரி நல்லாத்தான் ஸ்டார்ட் ஆகுது. எதுக்கு மாத்தச் சொல்றாங்க?

பேட்டரி பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல்தான் கைவிடும். சாதாரணமாக மூன்று முதல் ஐந்து வருடம் வரும். கடும் வெயில் அதன் ஆயுளைக் குறைக்கும், கடும் குளிர் மிச்சமிருக்கும் பலத்தைக் குறைக்கும். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் இரவு முழுதும் நின்ற வண்டியில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7-க்குள் இருக்கும், இல்லையென்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். பாரம் கொடுத்துச் சோதிக்கும் கருவி பேட்டரிக் கடையிலோ ஒர்க்‌ஷாப்பிலோ இருக்கும், அந்தச் சோதனைதான் நம்பகமானது. நான்கு வருடம் முடிந்து, சோதனையிலும் தடுமாறினால் மாற்றிவிடுங்கள்.

ஜம்பர் கேபிள் எடுத்துக்கொள்வதோடு வரிசையையும் தெரிந்துகொள்ளுங்கள். சிவப்பின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் மறுமுனை செத்த வண்டியின் எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கலாம். பேட்டரி வெளிவிடும் வாயு தீப்பற்றக்கூடியது என்பதால்தான் தள்ளி வைக்கச் சொல்வது.

கூலண்டுக்குப் பதிலா தண்ணி ஊத்தினா போதாதா?

அவசரத்துக்கு ஊற்றி ஒர்க்‌ஷாப் வரை போகலாம். பயணத்துக்கு அதையே நம்பக் கூடாது. கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் உறைநிலை சுமார் மைனஸ் 37 டிகிரிக்கு இறங்குகிறது, கொதிநிலையும் ஏறுகிறது. துரு பிடிக்காமல் காக்கும் பொருளும் அதில்தான் உண்டு. வெறும் தண்ணீரில் ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் உள்ளிருந்தே அரிக்கும். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள், ஒரே நிறத்தில் வேறு வேறு கலவைகள் வருகின்றன. வண்டியோடு வந்த கையேடு சொல்லும் வகைதான் சரி. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி தரும் அழுத்தத்தால்தான் உள்ளே நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

ஹோஸ் பைப்புகளையும் எஞ்சின் ஆறியபின் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தாலோ, கொழகொழவென்று இருந்தாலோ, கிளிப் பக்கத்தில் வீங்கியிருந்தாலோ மாற்ற வேண்டும்.

பிரேக் பேட் புதுசாப் போட்டாச்சு. பிரேக்ல இன்னும் என்ன பார்க்க இருக்கு?

பிரேக் ஆயில். யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, அதனால்தான் விரிவாகச் சொல்கிறேன். இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். புதிய டாட் 4 வகை 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதே திரவத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை 155. நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு எட்டிவிடும். திரவம் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால் பெடல் தரையைத் தொடும், பிரேக் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

இறக்கத்தில் எந்த கியரில் ஏறுவீர்களோ ஏறக்குறைய அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கீழ் கியரில் நிறுத்திவைக்க வழி உண்டு. நியூட்ரலில் இறக்குவது எரிபொருளையும் மிச்சப்படுத்தாது. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இன்றைய எஞ்சின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும்.

டைமிங் பெல்ட் மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார். சத்தமே வரலையே?

எஞ்சினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் ரப்பர் பட்டை அது. அறுவதற்கு முன் பெரும்பாலும் சத்தம் போடாது. அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினே நாசமாகும். மாற்ற வேண்டிய கணக்கு வண்டிக்கு வண்டி மாறும். பொதுவாக 60,000 முதல் 1,60,000 கிலோமீட்டர் வரை, அல்லது கையேட்டில் சொன்ன வருடம், எது முதலில் வருகிறதோ அது. குறைவாக ஓடிய வண்டிக்காரர்கள் வருடக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். உங்கள் எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருந்தால் இந்தக் கேள்வியே இல்லை; கையேட்டில் பாருங்கள்.

90-க்கு மேல போனா ஸ்டியரிங் லேசா ஆடுது. அப்படியே போகலாமா?

போகாதீர்கள். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆடினால் பெரும்பாலும் வீல் பேலன்சிங், எளிய வேலை. பிரேக் அடிக்கும்போது மட்டும் ஆடினால் டிஸ்க். கையை விட்டால் ஒரு பக்கம் இழுத்தால் காற்றழுத்தம் அல்லது அலைன்மென்ட். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட். வேகம் கூடக்கூட ஊளை போல ஒரு சத்தம் வந்து, வளைவில் அது கூடியோ குறைந்தோ மாறினால் வீல் பேரிங். பேரிங்கைத் தள்ளிப்போடக் கூடாது. எப்போது வருகிறது, எந்த வேகத்தில், எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு போனால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை குறையும்.

அஞ்சு பேர், ஆளுக்கு ஒரு பெட்டி. மேலே கேரியர் போட்டா இடம் போதும்தானே?

இடம் போதும், எடை போதுமா என்று பார்க்க வேண்டும். வண்டியின் உச்ச மொத்த எடையும் காலி எடையும் கதவு ஸ்டிக்கரிலோ பதிவு ஆவணத்திலோ கையேட்டிலோ இருக்கும். உதாரணமாக 1,650-லிருந்து 1,150 போனால் 500 கிலோ. ஐந்து பேருக்கு ஆளுக்கு 70 என்றால் 350. மிச்சம் 150 கிலோவுக்குள் எல்லாப் பெட்டியும், கேரியரும், தண்ணீரும் அடங்க வேண்டும்.

கூரைக்குத் தனி வரம்பு உண்டு, பல கார்களில் 50 முதல் 100 கிலோ, அதில் கேரியரின் எடையும் சேர்த்தி. மேலே எடை கூடினால் வளைவில் வண்டி அதிகம் சாயும். எனவே கனமானவை கீழே, பின் சீட்டின் முதுகை ஒட்டி, லேசானவை மேலே. பின் கண்ணாடி அருகே எதையும் சும்மா வைக்காதீர்கள், மோதலில் ஒரு தண்ணீர் பாட்டில்கூடக் கல்லாக வரும். பின்பாரம் ஏறினால் ஹெட்லைட் மேலே தூக்கும். டேஷ்போர்டில் அதைத் தாழ்த்தும் திருகு இருந்தால் திருப்புங்கள், எதிரே வருபவர் கண் கூசாது. இன்னொன்று, காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். 80-லிருந்து 120-க்குப் போனால் இரண்டேகால் மடங்கு. கூரைப் பெட்டியோடு போகும்போது எரிபொருள் கணக்கைத் தாராளமாகப் போடுங்கள்.

ஆறு மாசமா ஓடாம நின்ன வண்டி. கழுவி எடுத்துட்டுப் போகலாமா?

நிற்கும் வண்டி, ஓடும் வண்டியைவிட அதிகக் கவனம் கேட்கும். பேட்டரி இறங்கியிருக்கும். டயர் ஒரே இடத்தில் அமர்ந்து தட்டையாகியிருக்கலாம். பிரேக் டிஸ்க்கில் துரு படிந்திருக்கும். எலி ஒயரைக் கடித்திருக்கலாம், ஏர் ஃபில்டருக்குள் கூடுகூடக் கட்டியிருக்கலாம். பானட்டைத் திறந்து டார்ச் அடித்து நன்றாகப் பாருங்கள். பழைய பெட்ரோல் தரம் இறங்கியிருக்கும், புதியது நிரப்புங்கள். இப்படிப்பட்ட வண்டிக்கு ஒத்திகை ஓட்டம் ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

வண்டியில கண்டிப்பா என்னென்ன சாமான் வச்சுக்கணும்?

எச்சரிக்கை முக்கோணம், பளபளக்கும் மேலங்கி, நல்ல டார்ச், முதலுதவிப் பெட்டி, சின்னத் தீயணைப்பான், ஜம்பர் கேபிள், காற்றடிக்கும் கம்ப்ரஸர், இழுக்கும் கொக்கி, உபரி ஃபியூஸ், ஒரு லிட்டர் சரியான எஞ்சின் ஆயில், கையுறை, குடிநீர். மேலங்கி டிக்கிக்குள் பெட்டிகளுக்கு அடியில் இருந்தால் பயனில்லை; இறங்கும் முன் கைக்கு எட்ட வேண்டும். ரிமோட் சாவிக்கு ஒரு பொத்தான் பேட்டரி வாங்கிப் போடுங்கள். உபரிச் சாவி இன்னொருவர் பையில் இருக்கட்டும். கேனில் பெட்ரோலைப் பயணிகள் இருக்கும் வண்டிக்குள் வைக்காதீர்கள், அதன் ஆவி தீப்பற்றும்.

வழியில ஏதாவது விளக்கு எரிஞ்சா எது அவசரம், எது இல்லை?

சிவப்பு என்றால் பாதுகாப்பான முதல் இடத்தில் நிறுத்துங்கள். ஆயில் விளக்கு சிவப்பானால் உடனே எஞ்சினை அணைக்க வேண்டும், அடுத்த ஊர் வரை என்ற பேச்சே இல்லை. வெப்பமானி ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழு வேகத்தில் போட்டு ஓரம் கட்டுங்கள். ஹீட்டர் எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். பிறகு எஞ்சினை அணைத்து அரை மணி நேரமாவது பானட்டுக்குள் கை வைக்காமல் ஆறவிடுங்கள். மஞ்சள் விளக்கு என்றால் நிதானமாக அடுத்த ஒர்க்‌ஷாப் வரை போகலாம். ஒரு விதிவிலக்கு: எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் எஞ்சின் சரியாக எரியவில்லை என்று பொருள், தொடர்ந்து ஓட்டினால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கெடும்.

மூவாயிரம் மீட்டர் உயரத்துக்குப் போறோம். டயர் காத்தைக் குறைக்கணுமா? வண்டி இழுக்குமா?

அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். அதனால் மட்டும் அளவுக் கருவி 4 பி.எஸ்.ஐ. போலக் கூட்டிக் காட்டும். ஆனால் மேலே குளிர் என்பதால் டயருக்குள் அழுத்தம் ஏறக்குறைய அதே அளவு இறங்கும். இரண்டும் பெரும்பாலும் சரிக்குச் சரி. மேலே தங்கி, காலையில் அளந்து, ஸ்டிக்கர் அளவோடு ஒப்பிட்டு வையுங்கள், போதும்.

டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் சக்தி இழக்கும். முந்திச் செல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டீசல் வண்டிக்காரர்கள் கடுங்குளிர் இடத்தில் அங்கேயே விற்கும் குளிர்கால டீசலை நிரப்புவது நல்லது. சாதாரண டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும்.

பைக்ல போறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

டயர், பிரேக் ஆயில், பேட்டரி அப்படியே பொருந்தும், டயர் இன்னும் கூடுதலாக. தனியாகப் பார்க்க வேண்டியது செயின். தளர்ச்சி எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் 2 முதல் 3.5 சென்டிமீட்டர். மிக இறுக்கமாக வைப்பது தளர்வைவிடக் கெடுதல். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றே, எண்ணெய் விடுங்கள். நடுங்கி நடுங்கித் தளரும் போல்ட்டுகளைத் தினமும் ஒரு சுற்றுப் பாருங்கள். கிளட்ச் கேபிள் இழை பிரிந்திருந்தால் கிளம்பும் முன்பே மாற்றுங்கள்.

மின்சாரக் கார். ஆயிலும் இல்லை, பெல்ட்டும் இல்லை. நான் என்ன பார்க்கணும்?

டயர்தான் முதலில். இந்த வண்டிகள் கனமானவை, டயர் மாற்றும்போது அதே பாரக் குறியீட்டில்தான் வாங்க வேண்டும். பிரேக் ஆயிலும் உண்டு, மேலே சொன்னதெல்லாம் அதற்கும். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் உள்ளே இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்தால் பல கார்கள் கிளம்பாது. அதன் வயதையும் பாருங்கள்.

வேகமும் குளிரும் தூரத்தைக் குறைக்கும், கூரைப் பெட்டியும் அப்படியே. வேக சார்ஜிங் 80 சதவீதத்துக்கு மேல் மெதுவாகிவிடும் என்பதால், 100 வரை காத்திருப்பதைவிட 80-லேயே கிளம்பி அடுத்த இடத்தில் நிறுத்துவது நேரம் மிச்சம். அந்த அடுத்த இடம் வேலை செய்யாவிட்டால் மாற்று இடம் வரை போகச் சார்ஜ் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். சார்ஜில் இருக்கும்போதே உள்ளே சூடாக்கியோ குளிரவைத்தோ கிளம்புங்கள். பழுதானால் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் வண்டியைக் கேளுங்கள்.

வண்டிக்கு 12 வருஷம், ஒன்றரை லட்சம் ஓடியாச்சு. இதிலேயே போகலாமா, வாடகைக்கு எடுக்கட்டுமா?

வயதை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. எப்படிப் பராமரித்தீர்கள் என்பதுதான் கேள்வி. பழைய வண்டியில் எஞ்சினைவிட ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான் நடுவழியில் கைவிடும். டயர், பெல்ட், ஹோஸ், பேட்டரி நான்கின் வயதையும் ஒரு தாளில் எழுதுங்கள். எப்போது மாற்றியது என்றே தெரியாதவை எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டு என்றால் மாற்றிவிட்டு ஒத்திகை ஓட்டம் போய் வாருங்கள். நான்குமே தெரியாது, பிரேக் ஆயில் எப்போது மாற்றினோம் என்பதும் நினைவில்லை என்றால், மூன்று வாரம் இருந்தால் எல்லாவற்றையும் செய்யலாம். மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் இந்த முறை வாடகை வண்டி எடுங்கள். அதிலும் சாவி வாங்கிய கையோடு ஸ்டெப்னியையும் வீல் ஸ்பேனரையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்.